இருபத்தொரு செவ்வாய்க்கிழமைகள்

எங்கள் ஆஸ்பத்திரியில் கல்லீரல் கிளினிக்கும் செவ்வாய்க்கிழமை, மனநோய் கிளினிக்கும் செவ்வாய்க்கிழமை. ஒன்று மேட்டில், மற்றது பள்ளத்தில். ஒரே ஆளுக்கு இரண்டு நோயும் வரக்கூடும் என்பது அந்த அட்டவணையைப் போட்ட புண்ணியவானுக்குத் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும், அப்படிப்பட்ட ஆள் தோட்டத்தாளாகத்தான் இருக்கும், ஏறி இறங்கட்டுமே என்று விட்டிருப்பார். நான் மேட்டுக் கிளினிக்கில் நேர்ஸ். பதுளைக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் லயத்தில், வரிசை வீட்டில் பிறந்து, பாடசாலை விடுதியில் வளர்ந்து, எங்கள் லயத்திலிருந்து வெள்ளை உடுப்புப் போட்ட முதல் ஆள். எங்கள் சனத்துக்கு அதில் பெருமை. எனக்கு அவர்களைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே பெருமை.

எனக்கு வாய் நீளம் என்று ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் தெரியும். அட்டென்டன் முதல் பெரிய டொக்டர் வரை யாரையும் நான் விட்டுவைத்ததில்லை. நோயாளிகளைக் கடைசி வாங்கில் உட்கார வைத்து, பெயரைக் கூப்பிடாமல் "ஏய், தோட்டம்!" என்று கூப்பிட்ட ஒரு கிளார்க்கை நான் கேட்ட கேள்வியில் அவன் ஒரு வாரம் என் பக்கமே திரும்பவில்லை. நியாயத்துக்காகத்தான் பேசுகிறேன் என்று அப்போது நம்பியிருந்தேன். பாதி நியாயம், பாதி எனக்கு அந்த ருசி பிடித்திருந்தது.

இரண்டாயிரமாம் ஆண்டு பிறந்து சில வருடங்களுக்குப் பிறகு அவள் எங்கள் கிளினிக்குக்கு வந்தாள். நமுனுகுலப் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்து பறிப்பவள், முப்பத்தைந்து வயதிருக்கும். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அவளுக்குப் பிரசவத்தில் ரத்தம் நிற்காமல் போய், யாரோ கொடுத்த ரத்தத்தை ஏற்றிப் பிழைக்க வைத்திருக்கிறார்கள். அந்த ரத்தத்தில் ஹெபடைடிஸ் சி கிருமி இருக்கிறதா என்று அந்தக் காலத்தில் யார் பார்த்தார்கள்? பெண் குழந்தை பிழைத்தது, தாயும் பிழைத்தாள், கிருமி அவள் கல்லீரலில் குடியேறிவிட்டது. அதே பிரசவம் முடிந்து இரண்டு வாரத்துக்குள் அவள் புத்தியும் தடுமாறியது. குழந்தையை மாற்றிவிட்டார்கள் என்று அழுதுகொண்டு மழையில் மலையேறிப் போனாளாம். பூசாரி வந்து பேய் என்றார். பேய் போகாததால் பள்ளத்துக் கிளினிக்கில் மாதம் ஒரு ஊசி என்று ஏற்பாடானது. பிறகும் இரண்டு தடவை தலை கலங்கி, ஒரு தடவை புல்லுக்கு அடிக்கிற மருந்தைக் குடித்து, அதிலிருந்தும் பிழைத்தவள். புருஷன் கொழும்பில் ஹோட்டல் வேலைக்கென்று போனவன் அங்கேயே வேறு குடும்பம் வைத்துக்கொண்டான்.

எங்கள் பெரிய டொக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். கெட்டவராக இருப்பதற்கும் கொஞ்சம் அக்கறை வேண்டும். அவள் கதிரையில் உட்காருவதற்கு முன்பே தொடங்கிவிட்டார்.

"நீ குடிக்கிறனியோ?"

"இல்லீங்க ஐயா."

"கசிப்பு?"

"இல்லீங்க."

"பொய் சொல்லாதை. ஈரல் சும்மா கெடாது."

கொழும்பிலிருந்து வந்த ரத்த ரிப்போட்டை அவர் மூக்குக்குக் கீழே வைத்தேன். கிருமியின் பெயர் அதில் பெரிய எழுத்தில் இருந்தது. அதை வாசித்துவிட்டு, "கலியாண வீடுகளிலை எண்டாலும் கொஞ்சம் எடுப்பாய் தானே?" என்று மூன்றாந்தரமும் கேட்டார். படித்த மனிதர் அல்லவா, கண்ணால் வாசித்ததை அவ்வளவு சீக்கிரம் நம்பிவிடுவாரா.

அப்போது அந்த நோய்க்கு இருந்த மருந்து வாரம் ஒரு ஊசியும் தினமும் மாத்திரையும். கிட்டத்தட்ட ஒரு வருடம் விடாமல் எடுக்க வேண்டும். இடையில் சில வாரம் விட்டால் எடுத்ததெல்லாம் வீண். ஊசி போட்ட அன்று காய்ச்சலும் நடுக்கமும் வரும், முடி கொட்டும், எல்லாவற்றையும்விட மனதைப் பிடித்துக் கீழே இழுக்கும். நல்ல மனநிலையில் இருப்பவர்களே அந்த ஊசியில் அழுவார்கள். ஆகவே டொக்டர் தயங்கியதில் நியாயம் இல்லாமல் இல்லை. அதை அவர் சொன்ன விதம்தான் எனக்கு எரிந்தது. "விசர் உள்ளதுக்கு உந்த மருந்தை எப்பிடிக் குடுக்கிறது? குடுத்தாலும் உதுகள் முடிக்காதுகள்" என்றார், அவள் முன்னாலேயே. மனநோய் டொக்டர் கடிதம் தந்தால் பார்க்கலாம் என்று பள்ளத்துக்கு அனுப்பினார். பள்ளத்தில் இருந்த டொக்டர், கல்லீரல் டொக்டர் முதலில் கடிதம் தரட்டும் என்று மேட்டுக்கு அனுப்பினார். இப்படி நான்கு செவ்வாய்க்கிழமை அவள் ஏறி இறங்கினாள்.

ஐந்தாவது வாரம் நானே ஒரு கடிதம் டைப் செய்தேன். கீழே இரண்டு கையெழுத்துக்கு இடம் விட்டேன். மேலே போய், கீழே இருப்பவர் சம்மதித்துவிட்டார் என்றேன். கீழே போய், மேலே இருப்பவர் சம்மதித்துவிட்டார் என்றேன். இரண்டு பேரும் மற்றவர் தலையில் பொறுப்பு இருக்கிறது என்ற நிம்மதியில் கையெழுத்துப் போட்டார்கள். அத்தனை படிப்பும் அவ்வளவுதான். அன்றைக்கு நான் காற்றில் நடந்தேன்.

கொழும்பிலிருந்து மருந்து வருவதற்கு முன்பு ஒரு படிவம் நிரப்ப வேண்டியிருந்தது. அதில் ஒரு கேள்வி: வீட்டில் நோயாளியைக் கவனிப்பவர் யார்? அவளிடம் கேட்டேன்.

"இருக்காங்க மிஸ்ஸி."

"யாரு? புருஷனா?"

"அவரு இல்லீங்க. இருக்காங்க."

எனக்கு எரிச்சல் வந்தது. தாய் இல்லை, புருஷன் இல்லை, கூடப்பிறந்த அக்கா ஒருத்தி இருந்தும் இல்லாதது மாதிரி. யாரைச் சொல்கிறாள்? லயத்துச் சனத்தை எனக்குத் தெரியாதா? சுவருக்கு அந்தப் பக்கத்துக் காம்பரா அறையில் எரிவது விளக்கா வீடா என்று பார்த்துவிட்டுத் திரும்பிப் படுக்கிற சனம் என்று அப்போது எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். படிவத்தில் "எவருமில்லை" என்று எழுதினேன்.

அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். தங்கையின் ரத்தத்தில் கிருமி என்று கேள்விப்பட்ட அன்றே, அவளுடைய பெண் பிள்ளையைத் தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். இரண்டு தோட்டம் தள்ளி. பிள்ளைக்கு அப்போது பத்து வயது. ஒன்றாகச் சாப்பிட்டால் இந்த நோய் ஒட்டாது, ஒரே பாயில் படுத்தாலும் ஒட்டாது என்று அக்காவை வரவழைத்து நான் அரை மணி நேரம் விளங்கப்படுத்தினேன். அவள் எல்லாவற்றுக்கும் "ஆமாங்க, ஆமாங்க" என்றாள். போகும்போது, நான் கொடுத்த தண்ணீர்க் கோப்பையை விளிம்பைத் துடைத்துவிட்டுக் குடித்தாள்.

"சொகமாயிருச்சுன்னு ஆஸ்பத்திரி சொன்னா புள்ளய அனுப்புறேன்னு அக்கா சொல்லியிருக்கா மிஸ்ஸி" என்று அவள் முதல் ஊசி போட்ட அன்று சொன்னாள். "எத்தன ஊசின்னாலும் போடுங்க. நான் வருவேன்."

வந்தாள். முதல் பஸ்ஸில் பதுளைக்கு வந்து, மேட்டில் ஊசி போட்டுக்கொண்டு, நாலு வாரத்துக்கு ஒரு தடவை பள்ளத்திலும் ஊசி போட்டுக்கொண்டு, பகல் பஸ்ஸில் திரும்பிப் போவாள். அரசாங்கக் கச்சேரியில் வேலை பார்க்கிற ஐயாமாரும் கடைவீதி முதலாளிமாரும் எங்களிடம் வேறு வைத்தியத்துக்கு வந்து, மழை, கலியாணம், கிரிக்கெட் என்று காரணம் சொல்லித் தவணை தவறுவார்கள். இவள் தவறவில்லை. பசறை வீதியில் மண் சரிந்த அன்றுகூட, சரிவுக்கு இந்தப் பக்கம் நடந்து வந்து வேறு பஸ் பிடித்து வந்தாள், முழங்கால் வரை சேற்றோடு.

ஒவ்வொரு வாரமும் நான் அதே கேள்விகளைக் கேட்பேன். தூங்கினாயா, சாப்பிட்டாயா, செத்துப்போகலாம் என்று தோன்றுகிறதா. ஒரு தடவை சிரித்தாள். "தோணுச்சுன்னா மொதல்ல ஒங்ககிட்டதான் மிஸ்ஸி சொல்லுவேன். செவ்வாக்கெழம ராவானா பக்கத்துக் காம்பராக்கா எங்கூட வந்து படுத்துக்கிறாங்க. நடுங்குனா பிடிச்சிக்குவாங்க." அதை நான் காதில் வாங்கிக்கொண்டேன், மூளையில் வாங்கவில்லை. இன்னொரு நாள், செவ்வாய்க்கிழமை பெரட்டுக்குப் போகாவிட்டால் பேர் விழாதே என்று கேட்டேன். காலையில் பெரட்டுக்களத்தில் ஆள் எடுக்கும்போது நின்று, அன்றைக்குப் பறிக்க வேண்டிய அளவு கொழுந்தைப் பறித்தால்தான் தோட்டத்தில் பேர் விழும். இல்லாவிட்டால் அன்றைய சம்பளம் இல்லை. "அதெல்லாம் பாத்துக்குவாங்க மிஸ்ஸி" என்றாள். பாவம், தெரியாமல் பேசுகிறாள் என்று நினைத்தேன். என் தாயும் கொழுந்து பறித்தவள்தான், எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஐந்தாவது மாதம் ரத்தம் பரிசோதித்ததில் கிருமியைக் காணவில்லை. ரிப்போட்டைப் பெரிய டொக்டரின் மேசையில் வைத்தேன். "ம்" என்றார். அவ்வளவுதான். இன்னும் ஐந்தாறு மாதம் விடாமல் போட்டால்தான் கிருமி திரும்பி வராது என்று அவளிடம் சொன்னேன். அவள் ரிப்போட்டைக் கையில் வாங்கி, தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, "இத அக்காகிட்ட காட்டலாங்களா?" என்று கேட்டாள். முடிந்ததும் நானே கடிதம் எழுதித் தருகிறேன், என்னை நம்பு என்றேன்.

அதற்கு அடுத்த நாள்தான் எனக்குக் கை ஊறியது. அவள் தோட்டத்தை நிர்வகிக்கிற துரையின் மேல் எனக்கு ஏற்கெனவே கோபம். அவள் காம்பராவின் கூரைத் தகரத்தை மாற்றித் தரச் சொல்லி எங்கள் கிளினிக்கிலிருந்து கடிதம் போனபோது, அவள் பைத்தியம், வேலைக்கும் ஒழுங்காக வராதவள் என்று பதில் எழுதியவர் அவர். இப்போது அவர் மூக்கை உடைக்க எனக்கு ஆதாரம் கிடைத்திருந்தது. தமிழில் எழுதினால் வாசிக்க மாட்டார் என்று ஆங்கிலத்தில் எழுதினேன். தாங்கள் பைத்தியம் என்று தள்ளிவைத்த பெண் இருபத்தொரு செவ்வாய்க்கிழமைகள், ஒன்றுகூடத் தவறாமல், எங்கள் கிளினிக்குக்கு வந்திருக்கிறாள். திகதிகளின் பட்டியல் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது. இப்படிப்பட்ட ஒழுங்கு தங்கள் அலுவலகத்தில் எத்தனை பேருக்கு உண்டு? இனியாவது செவ்வாய்க்கிழமைகளில் அவளுக்குப் பேரோடு லீவு தர வேண்டும். கிளினிக் முத்திரையைப் பட்டியலின் இரண்டு பக்கத்திலும் அழுத்திக் குத்தினேன். அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நல்லது செய்யும்போது யாரைக் கேட்க வேண்டும்?

அடுத்த செவ்வாய்க்கிழமை வந்து வழமைபோல் ஊசி போட்டுக்கொண்டு போனாள். அதற்கடுத்த செவ்வாய்க்கிழமை அவள் வரவில்லை. அன்று பிற்பகல் துரையிடமிருந்து பதில் வந்தது. தங்கள் கடிதத்திலுள்ள திகதிகள் எமது செக்ரோலைச் சரிபார்க்கப் பெரிதும் உதவின, தங்கள் ஒத்துழைப்புக்கு நன்றி. இரண்டு தடவை வாசித்தேன். மரியாதை தெரிந்துகொண்டுவிட்டார் போலிருக்கிறது என்று நினைத்தேன். எனக்கும் படிப்பு அவ்வளவுதான்.

அதற்கடுத்த செவ்வாய்க்கிழமையும் அவள் வரவில்லை. தலை கலங்கிவிட்டதோ, மறுபடி எதையாவது குடித்துவிட்டாளோ என்று பயந்து, மறுநாள் லீவு போட்டுவிட்டு நமுனுகுல பஸ் ஏறினேன். ஊசியை ஐஸ் பெட்டியில் வைத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

தோட்டத்துப் பாதையில் வயதான ஆள் ஒருவர் குந்தியிருந்து புல்லுச் சுரண்டிக்கொண்டிருந்தார். அவளைத் தேடி ஆஸ்பத்திரியிலிருந்து வருகிறேன் என்றதும் எழுந்து நின்றார். "நான் அந்தப் புள்ள கேங்குக் கங்காணிங்க" என்றார். பிறகு திருத்திக்கொண்டார். "கங்காணியா இருந்தேனுங்க."

"அவளுக்கு என்ன? சுகமில்லயா?"

"சொகமாத்தான் இருக்குங்க. வேலைக்குப் போயிருக்கு." சுரண்டியில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினார். "செவ்வாக்கெழமையில அந்தப் புள்ள பதுளைக்கு வந்துருமுங்களா, கேங்குப் பொம்பளைங்க ஆளுக்கு ரெண்டு கை கொழுந்து அதுக்குன்னு ஒரு சாக்குல போட்டுருவாங்க. நிறுக்கிறப்ப நான் பேரக் கூப்புடுவேன். யாராச்சும் ஒருத்தி ஆமாங்கன்னு சாக்கத் தூக்கித் தராசுல மாட்டுவா. கணக்கப்புள்ள தலையத் தூக்கிப் பாக்கமாட்டாரு. முழுப்பேரு விழுந்துரும். இத்தன மாசமும் அப்புடித்தான் ஓடுச்சு. ஆஸ்பத்திரியில இருந்து ஏதோ லிஸ்ட்டு வந்துச்சாமுங்க. தொர பேரு பதியிற செக்ரோல எடுத்து வெச்சி ஒண்ணொண்ணாப் பாத்திருக்காரு. எல்லா நாளும் இந்தப் புள்ள பதுளையிலயும் இருக்கு, மலையிலயும் இருக்கு."

என் கையிலிருந்த ஐஸ் பெட்டியைப் பார்த்தார். "லிஸ்ட்டு அனுப்பினது நீங்கதானுங்களா மிஸ்ஸி?"

"ஆமா" என்றேன்.

அவர் திட்டியிருந்தால் எனக்குப் பதில் பேசத் தெரியும். அவரோ திரும்பக் குந்திப் புல்லுச் சுரண்டத் தொடங்கினார். மற்றதையும் நான்தான் கேட்டுக் கேட்டு வாங்க வேண்டியிருந்தது. அவரைக் கங்காணி வேலையிலிருந்து இறக்கிவிட்டார்கள். கேங்கில் இருந்த பெண்கள் எல்லோருக்கும் அந்த மாதம் அரைப்பேர், பாதிச் சம்பளம்தான். அவள் இன்னொரு செவ்வாய்க்கிழமை வேலைக்கு வராமல் இருந்தால் பேரை அடியோடு வெட்டிவிடுவார்களாம். பேர் போனால் காம்பராவும் போகும்.

பகல் நிறுவை முடிந்து பெண்கள் பாதையோரத்தில் உட்கார்ந்து ரொட்டி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் யாரும் முறைக்கவில்லை, சும்மா தேயிலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் மட்டும் எழுந்து என்னிடம் வந்தாள். முடி கொட்டிய இடங்களை மறைத்துத் துணி கட்டியிருந்தாள்.

எனக்கு அழுகை வந்தது. மன்னிப்புக் கேட்டேன். வாழ்க்கையில் அதற்கு முன் யாரிடமும் கேட்டதாக ஞாபகம் இல்லை.

"நீங்க என்னங்க மிஸ்ஸி செய்வீங்க" என்றாள். "எழுதினது ஒண்ணும் பொய்யில்லயே."

"ஊசி கொண்டு வந்திருக்கேன். ரெண்டு வாரந்தான் தவறியிருக்கு, இப்பவே போட்டுக்கலாம். இனி நீ பதுளைக்கு வர வேணாம். ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம நானே இங்க வந்து போடுறேன்."

அவள் திரும்பி அந்தப் பெண்களைப் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "வேணாங்க. இவங்க எல்லாருக்கும் என்னாலதான் இப்புடியாச்சு. பக்கத்துக் காம்பராக்கா எங்கூடப் பேசி ரெண்டு வாரமாச்சு. நீங்க வாராவாரம் ஊசியத் தூக்கிக்கிட்டு இங்க வந்தா, நான் இவங்க மொகத்துல முழிக்க முடியுங்களா? எனக்குத் தல கலங்குறப்ப பிடிச்சு வெக்கிறது இவங்கதான். ஒங்களால ராத்திரியில வர முடியாதில்ல."

"புள்ளய நெனச்சுப் பாரு."

"நெனைக்காம இருப்பேனுங்களா?" என்றாள். முகம் கோணியது, ஆனால் அழவில்லை. "மருந்த விட்டா புள்ள அக்காகிட்ட இருக்கும், தின்னுக்கிட்டுப் பள்ளிக்கொடம் போகும். இவங்கள விட்டா நான் எங்கங்க போவேன்?"

அரை மணி நேரம் மன்றாடினேன். என் நீண்ட வாயில் இருந்த எல்லாவற்றையும் செலவழித்தேன். அவள் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டிவிட்டு, கூடையை மாட்டிக்கொண்டு மலைக்குள் இறங்கினாள். அந்த வரிசையின் கடைசியில், மற்றவர்களிடமிருந்து பத்து அடி தள்ளி நின்று பறித்தாள். பஸ்ஸில் வரும்போது ஐஸ் கரைந்து என் சேலையெல்லாம் ஈரம்.

துரைக்கு இன்னொரு கடிதம் எழுதினேன், இந்தத் தடவை கெஞ்சி. பதில் வரவில்லை. தோட்டத்துக்கு இன்னும் இரண்டு தடவை போனேன். இரண்டாம் தடவை அவள் மலையிலிருந்து இறங்கி வரவே இல்லை.

நாலு வாரம் தவறியதும் பெரிய டொக்டர் அவளுடைய ஃபைலை எடுத்து வரச் சொன்னார். புரட்டிப் பார்த்தார். அவருக்கு உள்ளூரச் சந்தோஷம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் துக்கமும் இல்லை. அறையில் இரண்டு சின்ன டொக்டர்மார் நின்றார்கள், அவர்களுக்கும் சேர்த்துத்தான் சொன்னார். "நான் அப்பவே சொன்னனான், உதுகள் முடிக்காதுகள் எண்டு. விசர் உள்ளதுகளுக்கு உந்த மருந்து வீண். நேர்ஸ், நிப்பாட்டினதுக்குக் காரணம் எழுதும்."

சின்ன டொக்டர்மார் என்னைப் பார்த்தார்கள். நான் இதற்கு விடமாட்டேன் என்று அவர்களுக்குத் தெரியும். நான் கிழித்துப் போடப்போவதைப் பார்க்க ஆவலாகக்கூட இருந்திருப்பார்கள். அவளுக்கு விசர் இல்லை, அவளைவிட ஒழுங்கான நோயாளி இந்தக் கிளினிக்கில் இல்லை, மருந்து நின்றது என்னால் என்று சொல்ல வேண்டும். முதல் இரண்டையும் சொன்னால் மூன்றாவதையும் சொல்ல வேண்டி வரும்.

"என்ன எழுதட்டும் சேர்?" என்று கேட்டேன்.

"மனநோய். நோயாளி ஒத்துழைக்கவில்லை."

எழுதி, கீழே கையெழுத்துப் போட்டு, அவரிடம் நீட்டினேன்.